ஆறு மூட்டை மண்

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

போனில் பேசினால் கத்திவிடுவேன். கத்தினால் நீ வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சல் படகு நாளைக் காலை போகிறது. அதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன்.

மூன்று நாளுக்கு முன், காலை ஒன்பதரை மணிக்குத் தீவின் வடமுனையில் இருந்தேன். பறவைகள் மண்ணுக்குள் முட்டையிடும் வளைகளில் அறுபத்து நான்கு தோண்டப்பட்டிருந்தன. இரண்டு முறை எண்ணினேன். வளை வாசல்களில் இறகும் முட்டை ஓடும். சில இடங்களில் பறவையே பாதியாகக் கிடந்தது. நாய் வேலை. மொத்தம் இருந்ததே நானூற்றுச் சொச்சம் வளைகள். சுற்றியுள்ள தீவுகள் எதிலும் இப்போது இந்தப் பறவை இல்லை. ஒரு ஜோடிக்கு வருஷத்துக்கு ஒரே முட்டை. கணக்கை நீயே போட்டுக்கொள்.

பதினோரு வருஷமாக நான் இங்கே வனக்காவலர். இதுவரை ஒரு நாய்கூட அந்தப் பக்கம் நுழைந்ததில்லை, ஒரு மனிதனும் நுழைந்ததில்லை. காரணம் நான் அல்ல, நெடியவள் விலா. பாறையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஏழு விலா எலும்புகள் நீட்டிக்கொண்டிருந்தன. பிரசவத்தில் செத்துப்போன ராட்சசி, அவள் பிள்ளைகள்தான் மண்ணுக்குள்ளிருந்து அழுகிறார்கள், அழுகிற மாசங்களில் விலாவைத் தாண்டுகிறவன் வீட்டில் தொட்டில் ஆடாது என்று ஊரே நம்பியது. வளைக்குள்ளிருந்து பிள்ளை மாதிரிக் குரல் கொடுக்கும் பறவைக்கே 'அழுபிள்ளை' என்றுதான் பெயர்.

ஜனவரியில் நீ மியூசியம் ஆட்களோடு வந்தாய். விலாவை அறுத்தெடுத்து, கால் முறிந்தவனுக்குப் போடுவது போல் பிளாஸ்டர் கட்டுப் போட்டு, படகில் ஏற்றினாய். கிளம்புவதற்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தில் நின்று, "இது ராட்சசி இல்லை, கடற்பசு. கோடி வருஷத்துக்கு முன்னாடி செத்து, புதைஞ்சு, கல்லாப் போனது" என்று படம் போட்டுக் காட்டினாய். எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு வடமுனைக்குக் காற்று வாங்கப் போகிறார்கள்.

இன்னொன்று. வட்டார ஆபீசர் வடமுனையில் படகுத்துறை கட்டி, வளைகளுக்கு நடுவே நடைபாதை போட ஒரு வரைபடம் கொண்டுவந்திருக்கிறார். "ஊர்க்காரங்களே போக ஆரம்பிச்சுட்டாங்க, இனி என்ன தடை?" என்கிறார். ஜூன் இருபதாம் தேதி ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். நடைபாதை வந்தால் அழுபிள்ளையின் கதை முடிந்தது.

செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுப் போய்விட்டாய். இனி நான் என்ன செய்வது என்று நீயே சொல்.

தம்பி


ஏப்ரல் 17

தம்பிக்கு,

நீ நலம் விசாரிக்கவில்லை. நானும் விசாரிக்கவில்லை. சரிக்குச் சரி.

அந்தப் பாறையில் விரிசல் இருந்தது. டிசம்பரில் நீ அனுப்பிய படத்தில் ஒரு விரல் அகலம், ஜனவரியில் நான் அளந்தபோது இரண்டு விரல். இன்னொரு மழைக்காலம் தாங்கியிருக்காது. நான் எடுக்காவிட்டால் உன் நெடியவள் இப்போது கடலுக்கடியில் கிடப்பாள். அப்போதும் நாய் வந்திருக்கும்.

பள்ளிக்கூடப் பேச்சு என் யோசனை அல்ல. "எங்கக்கா மியூசியத்துல எலும்பு சுத்தம் பண்றவ, அவ வந்து சொல்லட்டும், அப்பவாவது இந்த ஜனங்களுக்குப் புத்தி வருதா பாப்போம்" என்று ஆபீசரிடம் சொன்னது யார்? நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்று நீ ஊர்க்காரர்களை நினைத்து வெட்கப்பட்டாய். படித்த ஆபீசர் முன்னால் ராட்சசி கதை பேசுகிறார்களே என்று உனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைத் துடைக்கத்தான் என்னை மேடை ஏற்றினாய். எல்லாப் பழியையும் என் தலையில் கட்டாதே.

இருந்தாலும் நீ கேட்டதற்குப் பதில். விலாக்களுக்கு நடுவே இருந்த குழிவில் மண் சேர்ந்திருந்தது நினைவிருக்கும். விலா கல். மண் அப்படியல்ல, வெகு காலம் கழித்துச் சேர்ந்தது, சில ஆயிரம் வருஷம் இருக்கலாம். அதில் சின்னப் பறவை எலும்புகள் தெரிகின்றன. முந்தின வருஷம் நீ அனுப்பிய செத்த அழுபிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதே பறவை. மண் பரிசோதனையில் இருக்கிறது.

அது யாருடைய நாய்? அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லையே.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

பள்ளிக்கூட விஷயம் உண்மைதான்.

நாய் விஷயம். படகோட்டியின் செவலை நாய் என்று ஊரில் பேச்சு. நானும் ஆபீசருக்கு அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். நாயை அக்கரையில் யாரிடமோ விடச் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து படகோட்டி என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் படகில் ஏறினால் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிறார். பின்பக்கம் பார்த்துக்கொண்டு எப்படிக் கரை சேர்க்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். ஆறு மூட்டை. நான்தான் சுமந்தேன், என் முதுகு இன்னும் சாட்சி சொல்கிறது. மேலிருந்து கீழே அடுக்கடுக்காக வெட்டி, ஒன்று முதல் ஆறு வரை சீட்டுக் கட்டினாய். ஆபீசர் சொல்வது இது: "பறவை எப்ப வேணா வரும், போகும். நேத்து வந்த பறவைக்காக நாளைக்கு வர்ற வேலையை நிறுத்தச் சொல்றியா?" நேற்று வந்ததல்ல, மனிதனுக்கு முன்பே வந்தது என்று அடுக்கடுக்காகக் காட்ட முடிந்தால் அவர் வாய் அடைபடும். ஆறு மூட்டையும் எங்கள் அக்காவிடம் பத்திரமாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. வேலை இருக்கிறது, அதனால் ஒத்தி வைத்திருக்கிறேன்.

தம்பி


மே 8

தம்பிக்கு,

இதை உட்கார்ந்து படி.

முதல் மூட்டையை, அதாவது மேல்மண்ணை, தண்ணீரில் சலித்து முடித்தேன். ஒன்பது நாளாயிற்று. அழுபிள்ளை எலும்புகள் முழுசு முழுசாக வந்தன. வளைக்குள் தானாகச் செத்தவை. கூடவே சிப்பிகள். அலை கொண்டுவந்து போட்டவை அல்ல. ஒரே அளவாகப் பொறுக்கியவை. ஜனவரியில் மண்ணை வெட்டும்போது எடுத்த படங்களைத் தேடி எடுத்துப் பார்த்தேன். சிப்பிகளை யாரோ கவிழ்த்து, வரிசையாக வைத்திருக்கிறார்கள். படம் எடுத்தது நான். அன்று என் கண்ணில் விலா மட்டுமே பட்டிருக்கிறது.

ஆறாவது மூட்டை அடிமண். அதில் பறவை எலும்புகள் மும்மடங்கு. மனிதன் வந்ததற்கு ஒரு தடயமும் இல்லை.

நடுவில் என்ன நடந்தது? மூன்றாவது விலாவிலிருந்து கழற்றி வைத்திருந்த பிளாஸ்டரின் உள்வளைவில் ஒரு கைப்பிடி மண்கட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. நடு அடுக்கு மண். நேற்று ஊசியால் பிரித்தேன். கரி. கருகிய எலும்புகள். இறக்கை எலும்புகளில் கத்தி அறுத்த கோடுகள். வளர்ந்த பறவைகள் மட்டும் அல்ல, பறக்கத் தெரியாத குஞ்சுகளும்.

எனக்குத் தோன்றுவதை உனக்கு மட்டும் சொல்கிறேன். தீவுக்கு வந்தவர்கள் இவற்றைத் தின்றார்கள். ஏறக்குறையத் தின்று தீர்த்தார்கள். பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நிறுத்திய பிறகு சிப்பி வைத்திருக்கிறார்கள். பறவை திரும்பி வந்திருக்கிறது. நெடியவள் கதை பயத்தில் பிறந்தது என்று நாம் இருவரும் நினைத்தோம். வெட்கத்தில் பிறந்திருக்கலாம்.

ஒரு கைப்பிடி மண்ணை வைத்து இதற்குமேல் சொல்ல முடியாது. எவ்வளவு காலம் தின்றார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இரண்டு முதல் ஐந்து வரையான மூட்டைகளில் இருக்க வேண்டியது. அவற்றைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம். அந்த மூன்றாவது விலாவின் நுனியைச் சுற்றி ஒரு தேய்மானம் இருக்கிறது, கயிறு உரசியது மாதிரி. பழையது அல்ல. அங்கே யாராவது எதையாவது கட்டுவார்களா?

அக்கா


மே 19

அக்கா,

'உனக்கு மட்டும்' என்று எழுதியிருந்தாய். ஊருக்கே படித்துக் காட்டிவிட்டேன். திட்டாதே, கையில் வந்ததைப் பொத்தி வைக்க முடியவில்லை.

படகுத்துறைக் கொட்டகையில் இருபது பேர் இருந்தார்கள். கத்திக் கோடு வரைக்கும் படித்தேன். படகோட்டி என்னோடு பேசுவதில்லை என்பதால் தூணைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ நம்ம ஆளுங்க அழுபிள்ளையைச் சுட்டுத் தின்னாங்கன்னு அந்தம்மா சொல்றாங்களா?"

கடைக்காரர் தூணுக்காகப் பதில் சொன்னார்: "கத்தி போட்ட தடம் இருக்காம்யா. குஞ்சைக்கூட விடலையாம்."

"எலும்பு பேசுது, மனுசன்தான் பொய் சொல்றான்" என்றார் படகோட்டி. தூணுக்குச் சொன்னதுதான். என் காதில் நன்றாக விழுந்தது.

வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் பாதியிலேயே சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். அவர்களை எது சுட்டதென்று எனக்கு விளங்கவில்லை.

ஆபீசர் கடிதத்தைப் பிரதி எடுத்துக்கொண்டார். ஆளே மாறிவிட்டார். "ஆறு மூட்டையையும் வரிசையா மேஜையில வைக்கச் சொல்லு. அடுக்கடுக்கா சான்று இருந்தா நானே மேலிடத்துக்கு எழுதறேன். வருஷத்துல எட்டு மாசம் வடமுனையை மூடிடலாம்" என்றார். எட்டு மாசம், அக்கா! ஆறு மூட்டையோடு வா. அதே முதுகு தயாராக இருக்கிறது.

கயிற்றுத் தடம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

தம்பி


மே 27

தம்பிக்கு,

ஆறில் நான்கு மூட்டை இப்போது என்னிடம் இல்லை.

இந்த ஒரு வரியை ஏப்ரலிலேயே எழுதியிருக்க வேண்டும். 'மண் பரிசோதனையில் இருக்கிறது' என்று எழுதினேன். பொய் என்று சொல்ல முடியாதபடி யோசித்து அமைத்த வாக்கியம் அது. அதை அமைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

நடந்தது இது. மார்ச் தொடக்கத்தில் மியூசியத்தின் புதிய காட்சிக்கூடத் திறப்பு விழா. அதற்குள் விலாக்கள் தயாராக வேண்டும் என்று இயக்குநர் அம்மா தினமும் படி இறங்கி வந்து கேட்டுப்போனார். என் வேலையறை கீழ்த்தளத்தில். நடைபாதை முழுக்க மூட்டைகளும் பெட்டிகளும். பிப்ரவரி பதினொன்றாம் தேதி தோட்டக்காரர் எட்டிப் பார்த்து, "இந்த மூட்டையெல்லாம் என்னம்மா?" என்றார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெறும் மண்ணு. ரோஜாவுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க" என்றேன். பதிவேட்டில் என் கையெழுத்தில் இருக்கிறது: 'மூட்டை 2 முதல் 5 வரை, கழிவு மண்.'

ஒன்றும் ஆறும் தப்பியது என் சாமர்த்தியம் அல்ல. மேஜைக்கடியில் ஸ்டூலுக்குப் பின்னால் இருந்தன, தோட்டக்காரர் கண்ணில் படவில்லை.

'மண்ணை எறியாதே.' புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இருபத்திரண்டு வருஷமாக நான் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான்.

உன் கடிதம் வந்த மறுநாள் தோட்டக்காரரிடம் போனேன். "நல்ல மண்ணும்மா அது. இந்த வருசம் பூ பாத்தீங்கல்ல, குழந்தை முகம் மாதிரி!" என்றார். நான் மண்வெட்டி கேட்டபோதுதான் அவர் சிரிப்பு நின்றது. ஐந்து நாள் பாத்திகளைக் கிளறினோம். முட்டி போட்டுக்கொண்டு பொறுக்கினேன். மேலே ஜன்னலிலிருந்து ஆபீஸ் பெண்கள் பார்த்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் எலும்புகள் கிடைத்தன. பறவை எலும்பு என்று சொல்லலாம், கருகியது என்று சொல்லலாம். எது எந்த அடுக்கு, எதற்குப் பின் எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு புத்தகத்தை எழுத்தெழுத்தாக உதிர்த்துவிட்டு, எழுத்தெல்லாம் பத்திரமாக இருக்கிறது என்பது மாதிரி.

இயக்குநர் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது, அதனால் இதை முதலில் செய்தேன்.

நீ என்ன எழுதினாலும் தகும்.

அக்கா


ஜூன் 5

அக்கா,

உன் கடிதத்தைப் படகுத்துறையிலேயே நின்று படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வர எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன், இது மூன்றாவது தாள்.

அறுபத்து நான்கு வளைகளைத் தோண்டியது கறுப்பி. என் கறுப்பி.

வடமுனைக்குப் போகும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் அவளைக் கூட்டிக்கொண்டு போவேன். காவலர் அங்கே நாயோடு போகக் கூடாது என்று விதி இருக்கிறது, ஆனால் தனியாகப் பதினோரு வருஷம் அந்தப் பாறைகளில் நடந்து பார். விலா வந்ததும் கயிற்றை மூன்றாவது எலும்பில் கட்டிவிடுவேன். அவள் அங்கேயே படுத்துக்கொள்வாள், நான் எண்ணிக்கை எடுத்துவிட்டு வருவேன். ஒரு நாளும் அவள் தாண்டியதில்லை, ஒரு நாளும் நான் கட்ட மறந்ததில்லை. நீ கேட்ட கயிற்றுத் தடம் அதுதான்.

நீ விலாவை எடுத்துக்கொண்டு போன பிறகு கட்ட இடமில்லை. ஒரு முளை அடித்திருக்கலாம். அரை மணி நேர வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். "இருடி" என்று சொன்னால் இருப்பாள். ஏப்ரல் ஆறாம் தேதி வரை இருந்தாள். அன்று மேற்கு ஓரத்தில் கரையொதுங்கிய வலையை அறுத்துக்கொண்டிருந்தேன், மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது அவள் ஓடிவந்து வாலாட்டினாள். மூக்கெல்லாம் மண். வாயில் இறகு.

அவளைக் கடலில் கழுவினேன். முதலில் அதைத்தான் செய்தேன், அக்கா. எண்ணிக்கை எடுப்பதற்கு முன்னால்.

படகோட்டியின் செவலை முந்தின நாள் அந்தப் பக்கம் திரிந்ததாக யாரோ சொன்னார்கள். நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன். பிறகு அதையே எழுதிக் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். செவலையைப் படகில் ஏற்றிய அன்று நான் துறையில் நின்றேன், அது என் கையைக்கூட நக்கியது.

எலும்பு பேசுது, மனுசன்தான் பொய் சொல்றான் என்று அவர் தூணிடம் சொன்னாரே, அவருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.

கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னாலும் சொல்லிவிடலாமா என்று யோசிக்கிறேன். வேலை போகலாம்.

தம்பி


ஜூன் 12

டேய் தம்பி,

கூட்டத்தில் சொல்லாதே. அதாவது, முதலில் அங்கே சொல்லாதே. ஊரைக் கூட்டிவைத்து ஒப்புக்கொண்டால் பாதிப் பேர் உன்னை நல்லவன் என்பார்கள், படகோட்டி பாவம் ஓரமாக நிற்பார். இன்றைக்கே அவர் வீட்டு வாசலுக்குப் போ. உள்ளே கூப்பிடாவிட்டால் வாசலில் நின்று சொல். பிறகு ஆபீசருக்கு எழுது. கூட்டம் அதற்கு அப்புறம்.

எனக்கு இதைச் சொல்ல என்ன அருகதை என்று கேட்பாய். நேற்று நானும் ஒரு வாசலில் நின்றேன். இயக்குநர் அம்மா முழுவதையும் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு, "ரெண்டு மூட்டையை மட்டும் கொண்டு போ. நாலு மூட்டை இருந்துச்சுன்னு நம்ம பதிவேட்டைத் தவிர யாருக்குத் தெரியும்?" என்றார். ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், அந்தப் பதிவேட்டின் பக்கத்தைக் கிழித்தால் என்ன என்று மனசில் வந்து போனது. நல்ல வேளை, நீ ஆறு மூட்டை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாய். உன் வாய் இந்த ஒரு தடவை உபயோகப்பட்டது.

பதிவேட்டில் 'கழிவு மண்' என்பதை அடிக்கவில்லை. அதற்குக் கீழே சிவப்பு மையில், 'ஆதாரம். என் உத்தரவில் எறியப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி புதிய ஆட்களுக்கு என்னைப் பாடம் எடுக்கச் சொல்ல மாட்டார்கள். சரிதான்.

பதினெட்டாம் தேதி படகில் வருகிறேன். இரண்டு மூட்டையும் ஒரு மண்கட்டியும் கொண்டு வருகிறேன். கடற்கரைக்கு வராதே. நானே சுமந்து வருகிறேன்.

அக்கா


ஜூலை 2

தம்பிக்கு,

கூட்டத்துக்கு மறுநாள் சொல்லாமல் முதல் படகில் கிளம்பிவிட்டேன். உன்னோடு காலை உணவுக்கு உட்கார முடியும் என்று தோன்றவில்லை. கூட்டத்தில் நீ பின்வரிசையில் இருந்தாய், முன்னால் நடந்ததெல்லாம் உனக்குக் கேட்டதா தெரியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் எறிந்ததைச் சொன்னேன். ஆபீசர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ இந்த ரெண்டு மூட்டை எதைத்தான் நிரூபிக்குது?" என்றார். "பாதியை" என்றேன். "பாதியை மேலிடத்துக்கு எப்படிம்மா அனுப்பறது?" என்று மறுபடி கேட்டார். பிறகு நீ எழுந்து நாயைப் பற்றிச் சொன்னாய். அப்போது கூடத்தில் ஒருவரும் உன்னைப் பார்க்கவில்லை, அவரவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் அந்த வலை பின்னுகிற பெண் எழுந்தாள். கொட்டகையிலிருந்து பாதியில் போனார்கள் என்று எழுதினாயே, அவர்களில் ஒருத்தி. என் முகத்துக்கு நேரே வந்தாள்.

"நீங்க மண்ணைத் தோண்டினீங்க. எங்ககிட்ட கேட்டிருக்கலாமே? கதையில அது இருக்கு. வெளியாளுக்குச் சொல்ற கதையில இல்ல, புள்ளைங்களுக்குச் சொல்ற கதையில இல்ல. புருசன் வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு, முதல் புள்ளை வயித்துல இருக்கும்போது மட்டும் சொல்லுவோம். நெடியவ புள்ளைங்களைத் தின்னது நாமதான். ஒரு பஞ்சத்துல ஆரம்பிச்சோம், பஞ்சம் முடிஞ்சும் நிறுத்தல. கடைசிக் குஞ்சைத் தின்ன வருசம் ஒரு புள்ளைகூட ஊர்ல தங்கல. இதை எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உங்க பள்ளிக்கூட மேடையில சொல்றது?"

அவள் புருஷன் "உட்காரு, உட்காரு" என்று சேலைத் தலைப்பை இழுத்தார். "நீ சும்மா இரு. அவங்க ரெண்டு பேரும் சொல்லிட்டாங்க, நாம மட்டும் மூடி வச்சிக்கணுமா?" என்றாள்.

ஜனவரியில் பதினாறு நாள் அந்தத் தீவில் இருந்தேன். தினமும் அந்தப் பெண்ணைத் தாண்டித்தான் வேலைக்குப் போனேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு அவர்களிடம் ஏதாவது இருக்கும் என்று நினைக்கவில்லை. நான் எறிந்தது நான்கு மூட்டை என்று எழுதினேன். அந்தக் கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும்.

ஆபீசர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார், மூடும் உத்தரவு மட்டும் வரவில்லை. 'நடைபாதைத் திட்டம் ஓராண்டு ஒத்திவைப்பு' என்பதுதான் நமக்குக் கிடைத்தது. ஓராண்டில் ஜனங்கள் தாங்களாகப் போகாமல் இருந்தால் பார்க்கலாம் என்றார். போகாமல் இருக்க வைக்க இப்போது அங்கே ஒன்றும் இல்லை.

படகோட்டி என்ன சொன்னார்? நீ எழுதவில்லை, நானும் அங்கே கேட்கவில்லை.

அக்கா


அக்டோபர் 3

அக்கா,

மூன்று மாதம் எழுதாததற்கு மன்னித்துக்கொள். துறை விசாரணை முடிந்தது. வேலை இருக்கிறது, பதவி ஒரு படி கீழே. கறுப்பி அக்கரையில் கடைக்காரரின் மச்சான் வீட்டில் இருக்கிறாள்.

நீ சொன்னபடி கூட்டத்துக்கு முன்பே போனேன், படகோட்டி உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றேதான் சொன்னேன், கறுப்பியையும் அக்கரைக்கு அனுப்பிவிடுகிறேன் என்றேன். கேட்டுவிட்டு, "நாய்க்கு நாய் கொடுத்தா சரியாப் போச்சா?" என்றார். செவலையைத் தேடி அக்கரைக்கு இரண்டு முறை போனேன். விட்ட வீட்டிலிருந்து மூன்றாம் நாளே கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாம். கடற்கரைப் பக்கம் ஓடியது என்றார்கள். அதற்குமேல் யாருக்கும் தெரியவில்லை. அதையும் அவரிடம் வந்து சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எண்ணிக்கை முடித்துவிட்டேன். மிச்சம் இருந்த வளைகளில் இருநூற்று எழுபத்தொன்றில் குஞ்சுகள் இறகு முளைத்துக் கடலுக்குப் போய்விட்டன. ஜூலையிலிருந்து வடமுனையில் ஒரு மனிதத் தடமும் இல்லை. வேலி கிடையாது, பலகை கிடையாது. எனக்கே ஏன் என்று புரியாமல் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை புரிந்தது.

சம்பளத் தாள் விஷயமாக அக்கரை போய்விட்டுத் திரும்புகிறேன். சீருடை போடவில்லை. படகில் வெளியூர்க்காரர்கள் ஏழெட்டுப் பேர். வடமுனை கண்ணில் பட்டதும் கூலிங்கிளாஸ் போட்ட ஒருவர், "அங்கே இறங்கலாமா?" என்று கேட்டார். படகோட்டி ஆரம்பித்தார்.

நெடியவளில் தொடங்கினார். அவள் பிள்ளைகளைத் தின்ற ஊரைச் சொன்னார். ஆமாம், அதையும், வெளியாட்களிடம், உரக்க. சிப்பி வைத்துக் கும்பிட்டதைச் சொன்னார். அப்புறம், "இதெல்லாம் பழசு. இந்த வருசம் நடந்ததைக் கேளுங்க" என்றார்.

"அக்காளும் தம்பியுமா ரெண்டு பேரு. அக்காக்காரி படிச்சவ. நெடியவ விலாவை ரம்பம் வச்சு அறுத்தா. உள்ள இருந்த மண்ணைக் கொண்டுபோய் பூச்செடிக்குப் போட்டா. ராட்சசி மண்ணுல பூத்த பூவு, வெட்டினா ரத்தம் வந்துச்சு. தம்பிக்காரன் காவக்காரன். கன்னுக்குட்டி அளவுக்கு ஒரு நாய் வச்சிருந்தான். விலா இருந்த வரைக்கும் நாய் கட்டுக்குள்ள இருந்துச்சு. விலா போச்சு, நாயைக் கட்ட எடமில்ல. ஒரே காலையில ஆயிரம் புள்ளைங்களைக் கொன்னுச்சு. அவன் என்ன பண்ணான் தெரியுமா? பழியைத் தூக்கி அடுத்தவன் நாய் மேல போட்டான்."

"ஐயோ" என்றாள் ஓர் அம்மா. மடியில் நாலு வயதுப் பெண் குழந்தை.

"அந்த நாய் என்னாச்சு?" என்று குழந்தை கேட்டது.

"எந்த நாய்?"

"பாவம் நாய்."

படகோட்டி எஞ்சினைக் கொஞ்சம் குறைத்தார். "அது இன்னும் தேடிக்கிட்டிருக்கு, தாயி. எங்க வீட்டுக்கு வழி தேடிக்கிட்டிருக்கு" என்றார். அது கதைக்காகச் சொன்னதல்ல.

கூலிங்கிளாஸ்காரர் சிரித்தபடி கேட்டார்: "சரி பெரியவரே, அந்தத் தம்பிக்காரன் இப்ப எங்க? செத்துட்டானா, கல்லாயிட்டானா?"

ஆறு மாதத்தில் முதல் தடவையாகப் படகோட்டி திரும்பி என் முகத்தைப் பார்த்தார். கோபமும் இல்லை, சமாதானமும் இல்லை. பதில் சொல்வது உன் வேலை என்பது மாதிரி ஒரு பார்வை.

"நான்தான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. குழந்தை என்னைப் பார்த்தது, பிறகு மெதுவாக அம்மாவின் அந்தப் பக்கத்துக்கு நகர்ந்துகொண்டது. கூலிங்கிளாஸ்காரர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். கன்றுக்குட்டி அளவு இல்லை, ஆயிரம் இல்லை, அறுபத்து நான்கு என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

வடமுனையைத் தாண்டி, தெற்குத் துறைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே இறங்கலாமா என்று அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

நீ இந்தப் பக்கம் வந்தால் பிள்ளைகள் உன்னைக் கண்டு ஓடும், அக்கா. வா. ஓடட்டும்.

தம்பி